விலை வீழ்ச்சியும் கணிப்பின் எல்லையும்

நாளை மழை வருமா என்று கேட்பவர்க்கு வானிலை அறிஞர் உறுதி கூறுவதில்லை. மழைக்குள்ள வாய்ப்பையே கூறுகிறார். புதிய பொறிகளின் விலை பத்தாண்டுகளில் என்னவாகும் என்ற கேள்விக்கும் விடை அவ்வாறே அமைதல் வேண்டும். அத்தகைய விடையைத் தரும் முறை எது, அது நம் மின்கட்டணத்தை எவ்வாறு தொடுகிறது என்பதை இங்கே காண்போம்.

1936-ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப் பொறியாளர் தியடோர் ரைட் ஓர் உண்மையை வெளியிட்டார். கட்டி முடித்த விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரட்டிக்குந்தோறும், ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்புச் செலவு சுமார் 20 விழுக்காடு குறைகிறது என்பதே அது. 100 ரூபாய்ச் செலவு 80 ஆகும். பின் 64 ஆகும். பின் 51 ஆகும். பழகப் பழகக் கை தேறும் என்பதை எண்ணால் அளந்து காட்டிய முயற்சி இது. சூரிய மின்பலகைகளின் விலையும் நெடுங்காலமாக ஏறத்தாழ இதே அளவில் வீழ்ந்து வந்துள்ளது.

ஆயினும் எல்லாப் பொருள்களும் இவ்வழியே செல்வதில்லை. அமெரிக்காவில் 1970-களில் அணுமின் நிலையங்களின் கட்டுமானச் செலவு குறையாமல் ஏறிற்று. எனவே, ஒரு விதி சென்ற காலத்தில் எவ்வளவு பலித்தது என்பதைச் சோதித்தறிய வேண்டும். அதற்குப் புள்ளியியலார் கையாளும் வழி எளியது. நாம் 1990-இல் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதுவரை கிடைத்த விவரங்களை மட்டும் கொண்டு 2000-க்குரிய விலையைக் கணிப்பது. பின்பு உண்மை விலையோடு ஒப்பிட்டுப் பிழையை அளப்பது. இவ்வாறு 62 தொழில்நுட்பங்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. ரைட்டின் விதி அதில் முன்னணியில் நின்றது. எனினும் கணிக்கும் காலம் நீள நீளப் பிழையும் வளர்வது தெரிந்தது. ஆகவே நேர்மையான கணிப்பு ஒற்றை எண்ணாக இராது. இன்ன விலை முதல் இன்ன விலை வரை என்று ஒரு வரம்பாகவே இருக்கும்.

இதன் பயனை நம் நாட்டிலேயே காணலாம். தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் 2010-இல் தொடங்கியபோது, முதல் ஏலத்தில் ஒரு யூனிட் சூரிய மின்சாரத்தின் சராசரி விலை சுமார் 12 ரூபாய். 2017-இல் ராஜஸ்தானத்து பட்லா ஏலத்தில் அது 2 ரூபாய் 44 காசாக இறங்கிற்று. இத்தகைய ஒப்பந்தங்களோ 25 ஆண்டுகளுக்கு உரியவை. விலை வீழ்ச்சியை எண்ணாமல் கையெழுத்திடுவோர் பழைய விலையைச் சுமக்க நேரும். 2019-இல் ஆந்திரப் பிரதேச அரசு முந்தைய ஒப்பந்த விலைகளை மறுபரிசீலனை செய்ய முற்பட, விவகாரம் நீதிமன்றம் ஏறிற்று. மறுபுறம், விலை என்றும் இறங்கும் என நம்பி மிகக் குறைந்த விலைக்கு ஏலம் எடுப்போரும் இடருக்கு ஆளாகின்றனர். மூலப்பொருளான சிலிக்கன் தட்டுப்பாட்டால் 2021-இல் மின்பலகை விலை ஏறியது இதற்குச் சான்று.

தில்லியிலோ மும்பையிலோ வீடு கட்டிக் குடியிருக்கும் நம்மவர், கூரையில் மின்பலகை அமைப்பதா, விலை இறங்கும் வரை பொறுப்பதா என்று எண்ணும்போதும் இக்கணக்கே துணை செய்யும். பொறுத்தால் விலையில் மிஞ்சக்கூடியது எவ்வளவு, அதுவரை மின்கட்டணமாகச் செலுத்துவது எவ்வளவு என இரண்டையும் எடைபோட வேண்டும். எதிர்பார்த்தபடி விலை இறங்காவிடினும் தாங்க முடியுமா என்றும் பார்த்தல் வேண்டும். வருங்காலத்துக்கு ஒரே எண்ணை உறுதியாகச் சொல்வோரிடம், அவர்களுடைய கணிப்பு இதுவரை எவ்வளவு பிழைத்தது என்று கேட்பதே அறிவுடைமை.