கிட் காரில் மின் மோட்டார் பொருத்தலாம்; சாலையில் ஓட்ட முடியுமா? விதிகள் சொல்வது என்ன?

புதுடெல்லி: வெளிப்புறக் கூட்டையும் சேசிஸையும் தனித்தனியாக வாங்கி, உரிமையாளரே பொருத்தி உருவாக்கும் வாகனம் ‘கிட் கார்’ எனப்படுகிறது. பிரிட்டனில் 1957-ல் அறிமுகமான லோட்டஸ் செவன் இவ்வகையில் புகழ்பெற்றது. இத்தகைய காரில் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக மின் மோட்டாரைப் பொருத்துவது இன்று சாத்தியமே. ஆனால், இந்தியச் சாலையில் அதை ஓட்டுவதற்குச் சட்டம் தனி நிபந்தனைகளை விதிக்கிறது.

எடையே அடிப்படை

கிட் கார்கள் பெரும்பாலும் எடை குறைந்தவை. எனவே சிறிய பேட்டரியே போதுமானது. 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 30-ஐத் தொடராக இணைத்தால் 96 வோல்ட் கிடைக்கும். ஒவ்வொரு செல்லும் 160 ஆம்பியர்-மணி திறன் கொண்டதாயின், மொத்தம் சுமார் 15 யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கலாம். அதில் 12 யூனிட்டைப் பயன்படுத்தி, கிலோமீட்டருக்கு 120 வாட்-மணி செலவானால் 100 கி.மீ. பயணிக்க முடியும்.

பேட்டரியை ஒரே பக்கம் குவித்தால், பிரேக் பிடிக்கும்போதும் திரும்பும்போதும் வாகனம் நிலை தடுமாறும். ஆகவே எடையை இரு அச்சுகளுக்கும் பகிர்ந்து, தாழ்வாகப் பொருத்துவது அவசியம். 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டம் உயர் மின்னழுத்தமாகக் கருதப்படுவதால் ஃபியூஸ், அவசரத் துண்டிப்பு, பேட்டரி மேலாண்மைக் கருவி ஆகியவற்றைத் தவிர்க்க இயலாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 39-வது பிரிவின்படி, பதிவு செய்யப்படாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. புதிய வாகன மாதிரிகள் புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட் போன்ற அமைப்புகளில் சோதிக்கப்பட்டுச் சான்று பெற வேண்டும். உற்பத்தி நிறுவனங்களை மனதில் கொண்டு வகுக்கப்பட்ட இந்த நடைமுறையை, ஒரே ஒரு காருக்காகத் தனிநபர் நிறைவு செய்வது எளிதல்ல. பிரிட்டனில் தனி வாகனங்களைச் சோதித்து அனுமதிக்கும் முறை உள்ளது.

பழைய காரின் பதிவைக் கொண்டு புதிய கூட்டை ஏற்றுவதும் தீர்வாகாது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு முரணான மாற்றங்களுக்கு அனுமதியில்லை என உச்ச நீதிமன்றம் 2019-ல் தெளிவுபடுத்தியது.

மாற்று வழி

ஏற்கெனவே பதிவான காரை அதன் கூட்டை மாற்றாமல் மின்சார வாகனமாக்க 52-வது பிரிவு இடமளிக்கிறது. அதற்கு ஏஐஎஸ்-123 தரநிலையின்படி அங்கீகரிக்கப்பட்ட மாற்றுக் கருவித்தொகுப்பைப் பொருத்தி, பதிவுச் சான்றிதழில் எரிபொருள் வகையை மாற்ற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிப்பது அவசியம். இல்லையெனில் விபத்தின்போது இழப்பீடு கோருவதில் சிக்கல் எழலாம்.

சொந்தமாக வடிவமைக்க விரும்பும் பொறியியல் மாணவர்களுக்கு, ஃபார்முலா பாரத் போன்ற மூடிய தடப் போட்டிகளில் மின்சாரப் பிரிவு உள்ளது. மற்றவர்கள் பாகங்களுக்குப் பணம் செலுத்தும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விளக்கம் பெறுவது நல்லது.