மயாமி அணியின் 2022ம் ஆண்டுப் பருவமும் எங்கள் பிள்ளைகளின் தலையும்

கையால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஆளை ஆள் மோதி விழுத்துவதற்கு ஏன் உதைபந்தாட்டம் என்று பெயர் வைத்தார்களோ தெரியாது. அமெரிக்கரின் அந்த விளையாட்டில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனாலும் மயாமி டொல்பின்ஸ் அணியின் 2022ம் ஆண்டுப் பருவத்தைப் பற்றி, பிள்ளைகளை விளையாட அனுப்பும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

முதல் இரண்டு ஆட்டங்களையும் அவ்வணி வென்றிருந்தது. செப்ரெம்பர் 25ந் திகதி பஃபலோ பில்ஸ் அணியுடன் மூன்றாவது ஆட்டம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர் டூவா தள்ளப்பட்டு விழ, பின்தலை தரையில் அடிபட்டது. எழும்பினார், தலையை உதறினார், சில அடி நடந்ததும் கால் தள்ளாடியது. கூட விளையாடியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். முதுகு நோவினால் வந்த தள்ளாட்டம் என்று சொல்லப்பட்டது. பரிசோதனைக்குப் பின் இரண்டாம் பாதியில் திரும்பவும் இறங்கினார். அணி 21-19 என்று வென்றது.

நாலே நாளில் சின்சினாட்டியில் அடுத்த ஆட்டம். சுழற்றி வீழ்த்தப்பட்டார். கைவிரல்கள் கோணி விறைத்து முகத்துக்கு முன்னால் அப்படியே நின்றன. மூளை பலமாக அதிர்ந்ததற்கு அது அடையாளம். ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டு போனார்கள்.

விசாரணை நடந்தது. விதிமுறை மீறப்படவில்லை, ஆனால் விதியின் நோக்கம் நிறைவேறவில்லை என்றார்கள். ஒக்ரோபரில் விதியை மாற்றி, நரம்புக் கோளாறினால் நடையிலோ பேச்சிலோ தடுமாற்றம் தெரிந்தால் அன்று திரும்ப விளையாட முடியாது என்றாக்கினார்கள். டிசம்பர் 25ந் திகதி டூவாவுக்குத் தலையில் மறுபடி அடி. அன்றும் ஆட்டத்தை முடித்துவிட்டே போனார். மறுநாள்தான் அறிகுறிகளைச் சொன்னார். அந்தப் பருவத்தில் அவர் பிறகு விளையாடவில்லை. 9 வெற்றி, 8 தோல்வியுடன் அடுத்த சுற்றுக்குப் போன அணி, அவரில்லாமல் பஃபலோவிடம் 34-31 என்று தோற்றது.

மைதானத்தில் வைத்தியர்கள், திரும்பத் திரும்பப் பார்க்க வீடியோ, எல்லாம் இருந்தும் இந்த நிலை. சனிக்கிழமை காலை எங்கள் பிள்ளைகளின் மைதானத்தில் நிற்பது ஒரு பயிற்சியாளரும் கோப்பிக் குவளையுடன் நாங்களும்தான். பிள்ளையோ, அடுத்த ஆட்டம் போய்விடும் என்ற பயத்தில் "ஒண்டுமில்லை அப்பா" என்று சொல்லும்.

மூளை அதிர்வுக்கு மயங்கி விழவேண்டும் என்றில்லை. தலையிடி, தலைச்சுற்று, வெளிச்சம் கூசுதல், கேட்டதையே திரும்பக் கேட்டல், காரணமில்லாத எரிச்சல் போதும். ஸ்கானில் ஒன்றுமில்லை என்பதால் அதிர்வு இல்லை என்று ஆகாது. ஸ்கான் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் தேடுவது. முதல் அடி ஆறமுன் விழும் இரண்டாவது அடிதான் பயங்கரம். ஒட்டாவாவில் றக்பி விளையாடிய 17 வயது ரோவன் ஸ்ட்ரிங்கர் 2013ல் இறந்தது அப்படித்தான். அவர் பெயரில் ஒன்ராறியோவில் 2018ல் சட்டமே வந்தது.

சந்தேகம் என்றால் அன்று ஆட்டம் இல்லை. முதல் ஓரிரு நாள் ஓய்வு, கணினியும் தொலைபேசியும் குறைவாக. இருட்டறையில் பூட்டிவைக்கத் தேவையில்லை, மெல்ல நடக்கலாம். முதலில் பள்ளிக்கூடம், பிறகுதான் விளையாட்டு, அதுவும் படிப்படியாக. மோதல் உள்ள விளையாட்டுக்கு வைத்தியரின் அனுமதி வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலு கிழமைக்குள் சுகமாகிவிடும். சோதனை வருகிறதென்று அவசரப்படுத்தாதீர்கள், பாடசாலைக்குக் கடிதம் தர நாங்கள் இருக்கிறோம்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, எழுப்பக் கடினமான தூக்கம், கழுத்து நோ, கைகால் பலவீனம் இருந்தால் குடும்ப வைத்தியரைத் தேடாமல் உடனே அவசர இலக்கத்தை அழையுங்கள்.