உடம்புக்குள் பேட்டரி, மூக்குக்குள் கிருமி

முதுகில் அறுவை சிகிச்சை செய்தும் வலி தீராதவர்கள் சிலருக்குத் தண்டுவடத்தை ஒட்டி மெல்லிய மின்கம்பி ஒன்றைச் செருகுகிறார்கள். அதற்கு மின்சாரம் தரும் சின்னப் பேட்டரிப் பெட்டியை இடுப்புப் பக்கம் தோலுக்கடியில் புதைத்துவிடுகிறார்கள். 1967இல் அமெரிக்க மருத்துவர் நார்மன் ஷீலி தொடங்கி வைத்த முறை இது. பலருக்கு வலி மட்டுப்படுகிறது. நூற்றில் சிலருக்கோ பெட்டி வைத்த இடத்தில் சீழ் பிடித்துவிடுகிறது.

சீழ் என்றதும் ஆஸ்பத்திரியைத்தான் சந்தேகிப்போம். பெரும்பாலும் கிருமி நோயாளியோடுதான் வந்திருக்கும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி நம்மில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்குக்குள் வம்புதும்பு இல்லாமல் குடியிருக்கிறது. அந்நியப் பொருள் ஒன்று கிடைத்தால் அதன் குணம் மாறிவிடும். 1957இல் எலெக், கோனென் என்ற இருவர் தன்னார்வலர்களின் தோலில் இதைச் சோதித்தார்கள். வெறும் தோலில் சீழ் கட்டப் பத்து லட்சக்கணக்கில் கிருமிகள் தேவைப்பட்டன. பட்டுத் தையல்நூல் இருந்த இடத்திலோ சில நூறே போதுமாயிருந்தது. நூலுக்கே இந்தக் கதி என்றால் பெட்டிக்கும் கம்பிக்கும் கேட்கவா வேண்டும்? அவற்றில் ஒட்டியதும் கிருமிகள் பசைபோன்ற படலத்தைப் போர்த்திக்கொள்கின்றன. மருந்தால் அதை எளிதில் ஊடுருவ முடிவதில்லை. கடைசியில் கருவியையே கழற்ற வேண்டிவரும்.

அதனால் வேலை முன்கூட்டியே தொடங்குகிறது. மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பரிசோதித்து, கிருமி இருந்தால் ஐந்து நாள் மூபிரோசின் களிம்பும் குளோர்ஹெக்சிடின் குளியலும் தருகிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் வரவேண்டும், பீடி சிகரெட் நிற்கவேண்டும். முடியை பிளேடால் மழிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கிருமிக்கு வாசல் என்பதால் கிளிப்பரால் வெட்டுவதோடு சரி.

செஃபசோலின் என்ற கிருமிக்கொல்லி ஊசியைக் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள், உடல் எடையைப் பார்த்துப் போடவேண்டும். தோல் திறக்கும்போது மருந்து சதையில் காத்திருக்க வேண்டும் என்பதே கணக்கு. தோலில் பூசிய ஆல்கஹால் கரைசல் தானாகக் காயும்வரை பொறுக்கவேண்டும். அவசரக்காரர்களுக்கு இதுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

பேஸ்மேக்கர் போன்ற இதயக் கருவிகளுக்கு மருந்து தோய்ந்த வலைப்பை ஒன்று உண்டு. கருவியை அதற்குள் போட்டுப் புதைத்தால் மருந்து மெல்லக் கசியும், பையும் கரைந்துவிடும். ஏறக்குறைய 7,000 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது; பெரிய தொற்றுகள் 40 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் அது இதயக் கருவிகளின் கணக்கு, முதுகுக் கருவிகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

“இன்னும் நாலு நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுங்க டாக்டர்” என்று அறுவை முடிந்ததும் கேட்பவர்கள் உண்டு. தையல் போட்டு 24 மணி நேரம் கழித்தும் தடுப்பு மருந்தைத் தொடர வேண்டியதில்லை என்பதே வழிகாட்டுதல்.