அந்தமானில் 37.5 சதவீதம்

அந்தமான் தீவுகளில் எலிக்காய்ச்சலுக்காகப் பரிசோதித்த 611 ரத்த மாதிரிகளின் கணக்கு 2006-இல் வெளியானது. விலங்குகளைப் பராமரிப்போரில் 37.5 சதவீதத்தினர் ரத்தத்தில் லெப்டோஸ்பைரா கிருமிக்கான எதிர்ப்பொருள் இருந்தது. ஆபத்தான தொழில் எதிலும் இல்லாதவர்களிடம் அது 14.7 சதவீதம். ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

கழிவுநீர்த் தொழிலாளர் 39.4, இறைச்சி வெட்டுவோர் 30.0, வனத் தொழிலாளர் 27.3 சதவீதம். எல்லோரையும் மிஞ்சியவர்கள் விவசாயிகள்: 62.5. விலங்கோடு நிற்பவரைவிட வயலில் நிற்பவருக்கு 25 சதவீதப் புள்ளி கூடுதல். இந்தக் கிருமிக்குக் கடி வேண்டியதில்லை. எலியோ மாடோ பெய்த சிறுநீர் தேங்கிய நீரில் கலந்தால் போதும். குதிகால் வெடிப்பு வழியே ஏறிவிடும். கொட்டில் கழுவி வெறுங்காலோடு நிற்பவரும் சேற்றில் நாற்று நடுபவரும் ஒரே தண்ணீரில்தான் நிற்கிறார்கள்.

மொத்தச் சராசரி 52.7 சதவீதம். தீவுவாசிகளில் பாதிப்பேர் என்று இதைப் படித்துவிடக் கூடாது. மற்றத் தொகுதிகள் எதுவும் 39.4-ஐத் தாண்டாதபோது சராசரி 52.7 ஆக வேண்டுமானால், மாதிரியில் விவசாயிகள் மட்டும் 57 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும்.

எலிக்காய்ச்சலைத் தடுக்கும் மாத்திரைக் கணக்கும் உண்டு. 2000-இல் வெளியான அந்தமான் சோதனையில் 782 பேர். 386 பேருக்கு வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின், 12 வாரங்களுக்கு. 396 பேருக்கு வெற்று மாத்திரை. நோய் கண்டவர்கள் முறையே 3.11, 6.82 சதவீதம், தலைக்கணக்கில் 12 பேர், 27 பேர். ஆனால் தொற்று விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காய்ச்சல் பாதிக்கும் கீழே இறங்கியது, கிருமி புகுவது நிற்கவில்லை. ரப்பர் பூட்ஸ் வாங்கும் காசை மாத்திரையில் மிச்சம் பிடிக்க முடியாது.

வண்டலூர் உயிரியல் பூங்காவில் சந்தேகம் எதிர்த்திசையில் எழுந்தது: மனிதரிடமிருந்து விலங்குக்கு. 2021 ஜூன் தொடக்கத்தில் அங்கே 11 சிங்கங்களின் மாதிரிகளில் 9-இல், அதாவது 82 சதவீதத்தில், கொரோனா உறுதியானது. ஜூன் 3-இல் நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கமும், 16-இல் 12 வயது ஆண் சிங்கமும் இறந்தன. மரபணு பார்த்த 4 மாதிரிகளும் டெல்டா. அப்போது ஊரில் மனிதரிடையே பரவிய அதே வகை. மனிதர் வழியே வந்திருக்கலாம் என்பதற்கு மேல் இந்த 4 மாதிரிகளை வைத்துச் சொல்ல இயலாது.

எலிக்காய்ச்சல் பெரும்பாலும் கிருமி புகுந்த 5 முதல் 14 நாட்களில் தலைகாட்டும். அதற்குள் கொட்டில் கழுவியதே மறந்துபோயிருக்கும். ஆகவே விலங்கு பராமரிப்பவரான நீங்கள் காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால், உடல்வலியைச் சொல்லும் முன் தொழிலைச் சொல்லுங்கள்.