சருகு பொறுக்கவும் இடம் பார்க்க வேண்டும்



குளிர்நாடுகளில் இலையுதிர் காலம் வந்தால் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளை வெளியே விட்டு, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி வர்ணம் தீட்ட விடுவார்கள். பளையிலும் இதைச் செய்யலாம் என்று நினைத்து அம்மாமாரைக் கூட்டிச் சொன்னேன்.

ஒரு அம்மா கேட்டார்: "எங்க போய்ப் பொறுக்கிறது மிஸ்?"

அந்தக் கேள்வி எல்லோருக்கும் விளங்கியது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் முகமாலை, கிளாலி, நாகர்கோவில் என்று முன்னரங்கு நீண்டு கிடந்த மண் இது. 2009இல் போர் முடிந்த பின்னரும் பல ஆண்டுகளாக இங்கே கண்ணிவெடி அகற்றினார்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலரும் அந்த வேலைக்குப் போனார்கள்.

ஆகவே முறையை மாற்றினோம். அம்மா காலையில் முற்றம் கூட்டும்போது சேரும் இலைகளை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தோம். பூவரசு, பலா, வேம்பு என்று பிள்ளைகள் பை நிறையக் கொண்டுவந்தார்கள்.

நொறுங்கும் சருகு இதற்கு உதவாது. பழுத்து விழுந்த இலையைப் பழைய பத்திரிகைக்குள் வைத்து, மேலே பாரம் ஏற்றி மூன்று நான்கு நாட்கள் விடுங்கள். பின்பு அதன்மேல் வர்ணம் தீட்டலாம். நரம்பு புடைத்த பின்பக்கத்தில் வர்ணம் பூசித் தாளில் அழுத்தினால் இலை அச்சாக விழும். வர்ணம் வாங்க வசதி இல்லையென்றால் மஞ்சள் தூள், பீற்றூட் சாறு, அரைத்த கரி போதும்.

பழுத்த இலையின் மஞ்சள் புதிதாக வந்ததல்ல. பச்சையம் சிதைந்து போக, உள்ளே மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. இதைச் சொன்னபோது பிள்ளைகளை விட அம்மாமாரே வியந்தார்கள்.

ஒரு சிறுமி பூவரசம் இலையில் சிவப்பு அபாயப் பலகையை வரைந்தாள். தாய் பதறி, அழிக்கச் சொன்னார். நான் தடுத்தேன். "இதைக் கண்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "கிட்டப் போகமாட்டன், தொடமாட்டன், பெரியாக்களிட்டச் சொல்லுவன்" என்றாள். தாயின் முகம் தெளிந்தது.

சகோதரிகளே, பயத்தால் பிள்ளையைப் பூட்டி வைக்கவும் வேண்டாம், பயத்தை மறந்து விட்டுவிடவும் வேண்டாம். எது எங்கள் முற்றம், எது தெரியாத வளவு என்று காட்டிக் கொடுங்கள். பிறகு விளையாட விடுங்கள்.