உங்கள் போர் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களுக்கு வேதியியல் ஆய்வு மாணவர்கள் பாட்டில்களோடு வருவது புதிதல்ல. போர்வெல்லிலும் கைப்பம்பிலும் தண்ணீர் பிடிப்பார்கள், இடத்தைக் குறித்துக்கொள்வார்கள், போய்விடுவார்கள். பாட்டில் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். ஆய்வகத்தில் மின்முனையைத் தண்ணீரில் அமிழ்த்தினால், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளவு தெரிந்துவிடும். அது ஆய்வேட்டின் அட்டவணையில் ஏறும். அதே குழாயடியில் தினமும் குடம் வைப்பவருக்கு யாரும் சொல்வதில்லை. பட்டத்துக்காக நம் தண்ணீரை எடுத்தவர் முடிவை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தருவது மரியாதை மட்டுமல்ல, கடமையும்கூட. தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

ஃபுளோரைடு எந்த ஆலையும் கொண்டுவந்து கலந்த நஞ்சல்ல. கிரானைட், நைஸ் பாறைகளில் உள்ள ஃபுளோரைட், அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து கரைந்து வருவது. தண்ணீரில் கால்சியம் மிகுந்திருந்தால் ஃபுளோரைடு அவ்வளவாகக் கரைந்து நிற்காது. சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில்தான் அது ஏறும். ஆக, பக்கத்து வீட்டு போர் நன்றாக இருப்பது உங்கள் போருக்குச் சான்றாகாது. ருசி, நிறம், வாசனை எதிலும் இது தெரியாது.

இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடையாது என்றால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். மிக அதிக அளவில் பல வருடம் குடித்தால் மூட்டு இறுகும், முதுகு வளையும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த எலும்பு நோயை மருத்துவர்கள் 1937-லேயே பதிவு செய்துவிட்டார்கள். முற்றிய எலும்புப் பாதிப்பைச் சரியாக்க மருந்து கிடையாது. தண்ணீரை மாற்றுவதுதான் வழி.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கிருமிக்கு அது சரி. ஃபுளோரைடோ ஆவியாகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். துணி வடிகட்டி, கேண்டில் ஃபில்டர், புற ஊதா விளக்கு எதற்கும் அது அடங்காது. ஆர்.ஓ. இயந்திரம் நீக்கும், ஆனால் நிறையத் தண்ணீரைக் கழிவாகத் தள்ளும். கிளர்வூட்டிய அலுமினா வடிகட்டியும் நீக்கும். அதை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் வெறும் டப்பாதான். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறையை நம் நாட்டிலேயே உருவாக்கினார்கள். குளிக்க, துவைக்க அந்த போர் தண்ணீரே போதும். குடிக்கவும் சமைக்கவும்தான் மாற்றுத் தண்ணீர் வேண்டும். முறையாகச் சேமித்த மழைநீரில் இந்தத் தொல்லை இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இந்த ஃபுளோரைடு தொல்லைக்காகவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில் காவிரித் தண்ணீர் மட்டும்தான் ஏறுகிறதா, போர் தண்ணீரும் கலக்கிறதா என்று தொட்டி ஆபரேட்டரிடம் விசாரியுங்கள். கலந்தால் அந்தக் கலவையைத்தான் சோதிக்க வேண்டும்.

மாசில்லாத தண்ணீர் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் கூறியது. கையில் ஓர் எண் இருந்தால்தான் இந்த உரிமையைப் பேச முடியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். ஊர்ப் பொதுக் குழாயின் சோதனை முடிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. அளவு மீறியிருந்தால் அங்கே எழுந்து சொல்லுங்கள், தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். வீட்டில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். நிலைப்பற்கள் உருவாகும் பருவம் அது.