பீரோவுக்குள் போன காது மெஷின்

"போட்டா கொய்ங்குன்னு கத்துது", "ஒண்ணும் கேக்கலப்பா" என்று பெரியவர் காது மெஷினைக் கழற்றி வைத்துவிடுகிறார். வயசாயிடுச்சு என்று பிள்ளைகளும் விட்டுவிடுகிறார்கள். அப்படி பீரோவுக்குள் போனவற்றில் பல, வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை.

சத்தமே வரவில்லையென்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். இந்தப் பொத்தான் பேட்டரி காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும். ஸ்டிக்கரை உரித்து ஓரிரு நிமிடம் வைத்திருந்து பிறகு போடுங்கள். உரித்தபின் பயன்படுத்தாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும். அளவு தவறக் கூடாது, ஸ்டிக்கரின் நிறமே அடையாளம்: 10க்கு மஞ்சள், 312க்குப் பழுப்பு, 13க்கு ஆரஞ்சு, 675க்கு நீலம். தீர்ந்த பேட்டரியைக் கண்ட இடத்தில் போடாதீர்கள். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயே புண்ணாகிவிடும். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பேட்டரி புதிதாக இருந்தும் சத்தம் மங்கலா? ஒலி வரும் துளையைக் குறும்பி அடைத்திருக்கும். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். ஊக்கால் குத்துவதும் தண்ணீரில் கழுவுவதும் மெஷினைக் கெடுக்கும். வியர்வை, மழைக்கால ஈரத்தால் டியூபில் நீர் கோத்திருக்கலாம். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

விசில் சத்தத்துக்குத்தான் பலர் தவறான வைத்தியம் பார்க்கிறார்கள்: சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். விசில் நிற்கும், பேச்சும் கேட்காது. காதுக்குள் போன ஒலி வெளியே கசிந்து மைக்கில் மறுபடி நுழைவதால் வருவது அது. காரணம், காதுக்குள் பொருத்தும் அச்சான மோல்டு சரியாக உட்காரவில்லை, தளர்ந்துவிட்டது, அல்லது காதில் குறும்பி சேர்ந்திருக்கிறது. குழந்தைகளுக்குக் காது வளர வளர மோல்டை மாற்றியே ஆக வேண்டும்.

ஒரே நாளில் ஒரு காது திடீரென மந்தமானால் மெஷினை நோண்டிக்கொண்டிருக்காதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை தள்ளிப்போனால் கேட்கும் திறன் திரும்புவது கடினம்.

புது மெஷின் வாங்கும்போதே பில், வாரண்டி அட்டை, கேட்கும் திறன் பரிசோதனை அறிக்கை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த ஆடியாலஜிஸ்ட்தான் மெஷினைப் பொருத்த வேண்டும். வாரண்டி இருந்தும் கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. வாங்க வசதியில்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம்.

உங்கள் வீட்டு பீரோவிலும் ஒன்று கிடந்தால், இன்றே எடுத்துப் புதுப் பேட்டரி போட்டுப் பாருங்கள்.